பாப்பாய் எங்க ஊர் ஆளு

1929 ஜனவரி 17 அன்று நியூயார்க் மாலைப் பத்திரிகை ஒன்றில் வந்த படக்கதையில், காஸ்டர் ஆயில் என்கிற ஆசாமி தன் கப்பலுக்கு ஆள் தேடி அலைகிறான். துறைமுகத்தில் கோணிய முகத்தோடு ஒருத்தன் நிற்கிறான். ஒரு கண் மூடியிருக்கிறது, முழங்கைக்குக் கீழே கை பருத்துக் கிடக்கிறது. "ஏய், நீ கப்பல்காரனா?" என்று கேட்கிறான் காஸ்டர். "பின்ன, மாடு மேய்க்கவன் மாதிரியா இருக்கு?" என்கிறான் அவன். பாப்பாய் இந்த உலகத்தில் பேசிய முதல் பேச்சு இதுதான்.

'திம்பிள் தியேட்டர்' என்ற அந்தப் படக்கதையை வரைந்தவர் எல்சி சீகர். 1919 டிசம்பரில் தொடங்கி ஒன்பது வருடம் பாப்பாய் இல்லாமலேயே ஓடிய கதை அது. ஆலிவ் ஆயில் அப்போதே உண்டு. காஸ்டர் அவளுடைய அண்ணன். அவளுக்கு ஹாம் கிரேவி என்று ஒரு காதலனும் உண்டு. பாப்பாயை ஒரே ஒரு கடற்பயணத்துக்காகத்தான் சீகர் கூலிக்கு அமர்த்தினார். பயணம் முடிந்தது, கூலியாளும் கதையை விட்டுப் போனான். ஆனால் வாசகர்கள் விடவில்லை, அவனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். வந்தவன் கதையையும் எடுத்துக்கொண்டான், காதலியையும் எடுத்துக்கொண்டான். ஹாம் கிரேவி என்று ஒருத்தன் இருந்தான் என்பதே இன்று பலருக்குத் தெரியாது.

நான் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் உள்ள ஒரு கடக்கரை ஊரில் வளர்ந்தவன். பாப்பாய் மேல் எனக்குள்ள பிரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நாகர்கோவில் நண்பர்கள் "கீரை தின்னுட்டு அடிப்பானே, அவன்தானே?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உலகமும் அப்படித்தான் முடித்துவைத்திருக்கிறது. டெக்சாஸில் கிறிஸ்டல் சிட்டி என்ற ஊரில் பசலைக்கீரை விவசாயிகள் 1937லேயே அவனுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். கீரையை எடுத்துவிட்டாலும் பாப்பாய் நிற்பான் என்பது என் கட்சி. உழைத்துக் கோணிப்போன ஓர் உடம்பை ஒளித்துவைக்காமல், அப்படியே கதாநாயகனாகக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் சங்கதி.

அந்த உடம்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை குச்சிக் கை. அதற்குக் கீழே திடீரென்று பருத்து, அதில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவன் கை இப்படி இருக்காது. அவன் மேற்கையைத்தான் முதலில் வளர்ப்பான், கண்ணாடியில் தெரிவது அதுதானே. கயிறு இழுக்கிறவனுக்கும், துடுப்பு வலிக்கிறவனுக்கும், ஈர வலையை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிக்கிறவனுக்கும் முன்கைதான் தடிக்கும். விரல்களை மடக்குகிற தசைகள் பெரும்பாலும் முன்கையில்தான் இருக்கின்றன. சீகர் உடற்கூறு படித்து வரைந்தாரா தெரியாது, ஆனால் சரியாக வரைந்திருக்கிறார்.

எங்க பாட்டா, அதாவது தாத்தா, கட்டுமரத்தில் போனவர். ஊரில் யாரும் கட்டுமரம் என்று முழுசாகச் சொல்வதில்லை, மரம் என்றுதான் சொல்வார்கள். லேசான மரத்தடிகளைக் கயிற்றால் வரிந்து கட்டியது. தண்ணீர் மேலே ஏறி வரும், இடுக்கு வழியே இறங்கிப் போகும். அதன்மேல் முட்டிபோட்டு உட்கார்ந்து அலையைத் தாண்டி வெளியே போக வேண்டும். பாட்டா ஒல்லியான ஆள்தான். சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபண்ணும்போது பார்த்தால் முன்கை மட்டும் வேறு யாருடையதோ என்று தோன்றும். கரையில் நின்றே இழுக்கிற பெரிய வலையான கரமடியை இழுக்கிறவர்கள் வரிசையாக நிற்கும்போது கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதும், எல்லாம் பாப்பாய் கைதான்.

கண்ணும் அப்படித்தான். பாப்பாய்க்கு ஒரு கண் கிடையாது என்பார்கள், இடுக்கிக்கொண்டிருக்கிறான் என்பார்கள். படத்துக்குப் படம் மாறும். எங்கள் ஊரில் ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்காத கிழவரே கிடையாது. வெயிலும், தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும், காற்றும் வருடக்கணக்கில் பட்டால் கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறத் தொடங்கும். வெட்டி எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும். என் மாமா ஒருவர் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தபோது, பாட்டா "வெள்ளக்காரன் மாதிரி வந்திருக்கான்" என்று ஒரு வாரம் கிண்டலடித்தார்.

கார்ட்டூன் உலகத்தின் பெரிய ஆட்கள் பெரும்பாலும் பிராணிகள். எலி, பூனை, வாத்து, முயல். அவற்றுக்கு வயதும் இல்லை, வேலையும் இல்லை. மனிதர்களில் சூப்பர்மேன் வந்தது 1938ல். அவன் உடம்பு வேற்றுக் கிரகத்திலிருந்து இலவசமாகக் கிடைத்தது. பாப்பாயின் உடம்பைப் பார்த்தாலே அவன் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடலாம். அந்த மாதிரி இன்னொரு ஆளைக் காட்டுங்கள் என்று நண்பர்களிடம் கேட்பேன். ஃபிளின்ட்ஸ்டோனைச் சொல்வார்கள். அவனுக்குக் கல்குவாரியில் வேலை, சரி. உடம்பில் அதன் தழும்பு ஒன்றையும் காணோமே.

சீகர் கடல்காரர் இல்லை. இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செஸ்டர் என்ற சின்ன ஊரில் 1894ல் பிறந்தவர். ஊர்த் தியேட்டரில் படம் ஓட்டுவது, டிரம்ஸ் வாசிப்பது என்று இருந்தவர், தபால் வழியில் சித்திரம் படித்தார். அந்த ஊரில் ஃபிராங்க் ஃபீகல் என்று ஒரு கூலிக்காரர், எல்லோரும் ராக்கி என்றுதான் கூப்பிடுவார்களாம். வாயில் குழாய், முன்னுக்குத் துருத்திய தாடை, சண்டையென்றால் முதல் ஆள். பாப்பாய்க்கு மூலம் அவர்தான் என்று அந்த ஊர் அடித்துச் சொல்கிறது. அவர் கல்லறையில் பாப்பாய் படம்கூடப் பொறித்திருக்கிறது. அவரும் கடலோடி இல்லை. ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்தவர், ஓர் ஊர்க்கூலியைக் கப்பல்காரனாக்கி, நியூயார்க் பத்திரிகைக்கு வரைந்தது, எழுபது வருடம் கழித்து அரபிக்கடல் ஓரத்து ஓட்டுவீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது கேபிள் வழியாக. கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவில் 1995ல் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு டிவியும் கேபிளும் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வந்தன. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து வந்தால் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவ்வளவு பேரும் இருப்பார்கள், பின்னால் நாற்காலியில் பாட்டா. டாம் அண்ட் ஜெர்ரிக்குச் சிரிக்கமாட்டார். "பூனையும் எலியும் நம்ம அடுக்களையிலேயே உண்டு" என்பார். பாப்பாய் வந்தால் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் பாராட்டமாட்டார். அவருக்கு அவன்மேல் தொழில்ரீதியான புகார்கள் இருந்தன.

"லேய் மக்கா, இவன் எப்பதான் கடலுக்குப் போவான்? எப்பப் பாத்தாலும் கரையில நின்னு சண்ட போடுதான். பின்ன இவனுக்க வீட்டுல அடுப்பு எப்பிடி எரியும்?"

நியாயமான கேள்வி. பாப்பாய் படங்களில் அவன் தொழிலாகக் கடலுக்குப் போகிற படங்கள் குறைவு. காடு, கட்டடம், சர்க்கஸ், குத்துச்சண்டை மேடை என்று எங்கெங்கோ இருப்பான். கப்பலில் காட்டினாலும் முடிச்சுப் போடுகிற விதம் பாட்டாவுக்குப் பிடிக்காது. அதே பாட்டா, ஒரு படத்தில் பாப்பாய் தனியாகப் படகில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்தபோது மட்டும், "இது உள்ளது. ஒத்தைக்குப் போனா இப்பிடித்தான் பேசிட்டே போவோம்" என்றார்.

அந்த முணுமுணுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேக்ஸ் ஃபிளைஷர், டேவ் ஃபிளைஷர் சகோதரர்கள் 1933ல் பாப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள், முதல் படம் பெட்டி பூப் வரிசையில் ஒன்றாக. முதலில் குரல் கொடுத்தவர் வில்லியம் காஸ்டெல்லோ. 1935 முதல் ஜாக் மெர்சர். இவர் அந்த ஸ்டுடியோவிலேயே படம் வரைகிற சின்ன வேலையில் இருந்தவர். அங்கே படத்தை வரைந்து முடித்தபிறகுதான் குரல் பதிவு. அதனால் வாய் அசையாத இடத்தில்கூட மெர்சர் தன்பாட்டுக்கு எதையாவது முணுமுணுத்துச் சேர்த்துவிடுவார். படத்தின் பாதி நகைச்சுவை இந்த முணுமுணுப்பில் இருக்கிறது. எங்களுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. வருடங்கள் கழித்து ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருத்தருக்கும் அது புரியவில்லை என்று தெரிந்தபோது ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்வது!

பாப்பாயின் இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு வரி தேறாது. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன் பேச்சு. இதில் அவனுக்கு எள்ளளவும் கூச்சம் கிடையாது. நான் ஆறாம் வகுப்புக்கு ஊரை விட்டு மேட்டுப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கடக்கரைப் பேச்சு அங்கே விளையாட்டுப் பொருள். நான் வாயைத் திறந்தால் பின்பெஞ்சில் யாராவது அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள்; ஒரு வாத்தியாரும் சொல்வார். மூக்கைப் பொத்திக்கொள்வதும் உண்டு. ஆறு மாதத்தில் நான் புத்தகத் தமிழ் பேசப் பழகிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதையே பேசி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வயதில், வாய் கோணி, தப்புத் தப்பாகப் பேசி, "நான் நான்தான், வேற ஆளு கிடையாது" என்று குழாயை ஊதிவிட்டு நடக்கிற ஒருத்தனை ஞாயிறுதோறும் பார்ப்பது சின்ன விஷயமில்லை. அவனை யாரும் திருத்தவில்லை. படம் எடுத்தவர்களுக்கும் அவனைத் திருத்தத் தோன்றவில்லை.

இனி கீரைக்கு வரலாம். வராமல் விடமாட்டார்கள்.

படக்கதையில் பாப்பாயின் முதல் பலம் கீரையில்லை, ஒரு கோழி. பெர்னிஸ் என்ற அந்த அதிசயக் கோழியின் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் வரும். முதல் கதையில் பாப்பாய் குண்டுமேல் குண்டாக வாங்கிக்கொண்டு, கப்பலின் அடியில் கிடந்து, கோழித் தலையைத் தடவித் தடவிப் பிழைக்கிறான். கீரை அதற்கப்புறம்தான் வந்தது. அதை ஒவ்வொரு படத்துக்கும் சடங்காக ஆக்கியவர்கள் ஃபிளைஷர் சகோதரர்கள். 1932ல் ஒரு படக்கதையில் கீரை ஏன் என்று பாப்பாயே சொல்கிறான்: வைட்டமின் ஏ. ஆனால் உலகம் முழுக்க அம்மாக்கள் சொன்னது இரும்புச்சத்து. எங்க அம்மாவும் முருங்கைக்கீரை துவரனைத் தட்டில் தள்ளிவிட்டு அதையேதான் சொன்னாள். தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால் பசலைக்கீரைக்குப் பத்து மடங்கு இரும்பு என்று கணக்கு வந்துவிட்டது என ஒரு கதை உண்டு, 1981ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்து பிரபலமானது. பிறகு தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. நூறு கிராம் பசலையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கீரை டப்பா பெரும்பாலும் சட்டைக்குள்தான் இருக்கிறது. படம் தொடங்கும்போதே இருக்கிறது. பிறகு ஏன் இவன் முதல் நிமிடத்திலேயே தின்று தொலைக்கவில்லை? என் தங்கச்சி ஒருநாள் இதைக் கேட்டாள். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் எப்போதாவது கேட்டிருக்கும். பதில் சொன்னது பாட்டி.

"முதல்லயே தின்னா, பின்ன அவன் எவ்வளவு தாங்குவான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும் மக்களே?"

பாட்டியைப் பற்றி ஒன்று சொன்னால்தான் இது விளங்கும். அவள் கடவத்தில் மீன் சுமந்து திங்கள்சந்தை வரைக்கும் கொண்டுபோய் விற்றவள். போவது நடை. திரும்பும்போது பஸ். வெறுங்கடவம்தான், கழுவித்தான் வைத்திருப்பாள், ஆனாலும் வாடை வருகிறது என்று ஏற்றமாட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதிவிடுவார், அல்லது பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். எங்கள் பக்கத்து மீன்காரப் பெண்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. பாட்டி வருடக்கணக்கில் இதைப் பேசாமல் விழுங்கியவள். முனகிக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஒருநாள் மழையில் ஒரு பஸ் அவளை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை ஏற்றியது. பாட்டி கடவத்தைக் கொண்டுபோய் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு நேரே கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் இறங்கி வந்து சத்தம் போட்டார். பாட்டி சொன்னது இன்னும் எங்கள் குடும்பத்தில் புழங்குகிறது: "ஒண்ணுகில் என்னை ஏத்திட்டுப் போ. இல்லன்னா எனக்க மேல ஏத்திட்டுப் போ." ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்சீட்டில்.

பாப்பாய் படத்தில் டப்பா பிதுங்கித் திறக்கிற நிமிடம் வரும்போது வீட்டிலேயே உரக்கச் சிரிப்பது பாட்டிதான். அதற்கு முன் அவன் அடிவாங்குகிற ஐந்தாறு நிமிடமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருப்பாள். பாப்பாய் சொல்கிற ஒரு வசனம் உண்டு, இவ்வளவுதான் என்னால் தாங்க முடியும், இனி முடியாது என்று. நம்மூரில் பொறுத்தது போதும் என்பது. இதைச் சொல்லத் தகுதி வேண்டுமானால் முதலில் பொறுத்திருக்க வேண்டும். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்து ஜனங்கள் வேலையில்லாமல் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில் இவன் மேலே வந்ததற்கும் இதுதான் காரணமென்று நினைக்கிறேன். அடி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, அடி வாங்கத் தெரிந்த ஒரு கதாநாயகன்.

அதே காலத்தின் இன்னொரு குழந்தை விம்பி. ஹாம்பர்கருக்கு ஏங்கிக்கொண்டு, "இன்னைக்கு ஒண்ணு தந்தா செவ்வாய்க்கிழமை சந்தோசமா காசு தாறேன்" என்று இனிக்க இனிக்கப் பேசுகிற தடியன். டை, தொப்பி, படித்தவன் பேச்சு, பையில் ஒரு காசு கிடையாது. இவனை எங்கள் ஊர்ச் சாயக்கடையில் காட்டித்தர என்னால் முடியும், பெயர்தான் சொல்லமாட்டேன். ரசவடையும் சாயாவும் முடித்துவிட்டு, "போட்டு கரை பிடிக்கட்டும், மொத்தமா எழுதிக்கோ" என்பார். அந்தப் போட்டில் அவருக்குப் பங்கே கிடையாது. சீகரின் படக்கதையைப் பிற்காலத்தில் தொகுப்பாக வாசித்தபோது பாப்பாயைவிட விம்பிதான் என்னை அதிகம் சிரிக்கவைத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீகர் 1938ல் நாற்பத்து மூன்று வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

எல்லாவற்றையும் ரசிக்க முடியாது. 1942ல் ஃபிளைஷர்கள் கையைவிட்டுப் போனபிறகு வந்த படங்கள் ஒரே அச்சு. ஆலிவ், அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வில்லன் புளூட்டோ, டப்பா, குத்து, முடிந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர்களைக் கேவலப்படுத்தி எடுத்த படங்களை இன்று உட்கார்ந்து பார்க்க முடியாது. அறுபதுகளில் டிவிக்காக வாரி இறைத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் கையும் காலும் மட்டும்தான் அசையும். புளூட்டோ என்ற பெயரைப் பயன்படுத்த உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டு அவனை புரூட்டஸ் ஆக்கிவிட்டார்கள். இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஆலிவைப் பற்றி. படக்கதையில் அவள் சரியான வாய்க்காரி. கோபம் வந்தால் பாப்பாயையே ஒரு கை பார்ப்பாள். சினிமாவில் "காப்பாத்துங்க" என்று கத்துவதற்கு மட்டும் வைத்துவிட்டார்கள். எங்கள் பாட்டி மாதிரி ஆட்கள் உள்ள கரையில் அவளை யாரும் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள்.

ஆனால் ஒரே ஒரு படம் பார்க்க நேரமுள்ளவர்களுக்கு நான் சொல்வது, 1936ல் வந்த பாப்பாய், சிந்துபாத்தைச் சந்திக்கிற படம். பதினாறு நிமிட வண்ணப்படம், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. சின்னச் சின்ன மாதிரிப் பாறைகளையும் குகைகளையும் நிஜமாகவே செய்து, சுழல்மேசையில் வைத்துச் சுற்றி, அவற்றுக்கு முன்னால் வரைந்த படத்தை நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஆழம் தெரிய வேண்டுமே. சிந்துபாத் பெரிய ராஜா, திமிங்கிலத்தின் முதுகில் தீவு, காவலுக்கு ராட்சசப் பறவை, தன் புகழைத் தானே பாடுகிறான். இந்தப் பக்கம் ஆலிவையும் விம்பியையும் ஏற்றிக்கொண்டு பாப்பாய் முணுமுணுத்தபடி கப்பலில் வருகிறான். பாட்டாவுக்கு அந்த ஒரு படம் மட்டும் முழுசாகப் பிடித்திருந்தது. எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தூத்தூர் பக்கத்து ஆட்கள் சுறாவுக்காக அரபிக்கடலில் ஓமன் வரைக்கும் போய்வருகிறவர்கள். சிந்துபாத்தின் கடல் அது. அங்கே போய் மாட்டிக்கொண்டு, பேச்சு புரியாத ஊரில் நாள்கணக்கில் கிடந்து திரும்பியவர்களைப் பாட்டாவுக்குத் தெரியும். "நம்ம ஆளு அங்கயும் போயிட்டான்" என்றார். நம்ம ஆளு என்று அவர் பாப்பாயைச் சொன்னது அதற்கு முன்னும் பின்னும் கிடையாது.

2017 நவம்பர் 30க்குப் பிறகு கொஞ்ச காலம் நான் பாப்பாய் பார்க்கவில்லை. ஒக்கி புயல் வந்த நாள். ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமெல்லாம் திரும்பி வராதவர்களின் வீடுகள். அந்த மாதங்களில் கார்ட்டூனில் புயல் வந்து கப்பலைத் தூக்கிப் போடுவதும், பாப்பாய் தலையை உதறிக்கொண்டு எழுந்து நிற்பதும் பார்க்கச் சகிக்கவில்லை. கார்ட்டூன் கடல் யாரையும் வைத்துக்கொள்ளாது, எல்லோரையும் திருப்பித் தந்துவிடும். இதற்காக அந்தப் படங்களைக் குறைசொல்ல முடியாதுதான். பிறகு ஒருநாள், அப்பாவைக் கடலில் விட்ட ஒரு வீட்டுச் சின்னப் பையன், போனில் பாப்பாய் படம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஜப்பானிய அனிமே உண்டு, யூடியூப் உண்டு. பாப்பாயை அவர்கள் தேடிப் போவதில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். போன வருடம் எங்கள் பக்கம் ஒரு செவன்ஸ் ஃபுட்பால் போட்டியில், ஓர் அணியின் பேனரில் பாப்பாய் பந்தை எத்திக்கொண்டிருந்தான். எங்கள் கடற்கரையில் ஃபுட்பால் என்றால் சொல்லவேண்டாம். மெஸ்ஸியும் ரொனால்டோவும் இல்லாத சுவர் கிடையாது. ஏன் பாப்பாய் என்று அணித்தலைவனைக் கேட்டேன். "அவன் நம்ம வேலைக்காரன்தானே அண்ணே" என்றான். அவனும் பள்ளி லீவில் வலை இழுக்கப் போகிறவன்.

2025 ஜனவரி 1 முதல், 1929ல் வந்த பாப்பாய் அமெரிக்காவில் பொதுச்சொத்து. யாரும் எடுத்து வரையலாம். ஐரோப்பாவில் 2009லேயே ஆகிவிட்டது. அமெரிக்காவில் உரிமம் முடிந்த கையோடு அவனைக் கொலைகாரனாக்கிப் பேய்ப்படங்கள் எடுத்துவிட்டார்கள். கைக்கு வந்ததும் முதலில் தோன்றியது அதுதானா என்று ஆயாசமாக இருந்தது.

என் அக்கா மகன் வேறு மாதிரி யோசித்தான். கல்லூரியில் படிக்கிறான், டேப்லெட்டில் நன்றாக வரைவான். பாப்பாயைக் குளச்சல் பக்கம் கொண்டுவந்து, கடக்கரைப் பேச்சு பேசவிட்டு, ஒரு படக்கதை போட்டுக்கொண்டிருக்கிறான். புளூட்டோ கரையில் மீன் ஏலம் எடுக்கிற வியாபாரி. தவணைக்குக் காசு கொடுத்துவிட்டு மீனை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவன். ஆலிவ் கடவத்தோடு பஸ்ஸை மறிக்கிறாள், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. புகைக்குழாய்க்கு அக்கா தடைபோட்டுவிட்டாள். சண்டை வந்தது கீரையில். அம்மா டேப்லெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "டப்பால அடச்சு வச்ச கீரையா? அது நாறிப்போயிருக்கும். பறிச்ச அன்னைக்கே துவரன் வச்சுத் தின்னணும்" என்றாள். அவன் முருங்கைக்குப் போகத் தயாரில்லை. நெத்திலிக் கருவாடு என்று மாற்றிவிட்டான், மடியில் கட்டிக்கொண்டு போகலாமே.

"கருவாடு தின்னா தாகம்லா எடுக்கும், பலம் எங்க இருந்து வரும்?" என்றாள் அம்மா.

இப்போதைக்குச் சமாதானம் என்னவென்றால், பாப்பாய் கருவாட்டை மென்றுவிட்டு முதலில் ஒரு குடம் தண்ணீர் குடிக்கிறான், அப்புறம்தான் அடி. அவன் குடித்து முடிக்கும்வரை புளூட்டோ கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்கிறான். அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிவிடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.